பில்லிங்கோடு இணைந்த கார்டு மிஷின்: கம்பெனியை மாற்ற எது முதலில், எது கடைசியில்?

கோவை_கல்லா கேட்டது:

வணக்கம். 70 இருக்கை உள்ள ஃபேமிலி ரெஸ்டாரன்ட். பில்லிங் சாஃப்ட்வேர் கிளவுடு வகை. கீழே கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், மாடியில் ஒரு டேப். கார்டு மிஷின் மொத்தம் 3: கல்லாவில் ஒன்று, கேப்டன்கள் (மேசையில் ஆர்டர் எடுப்பவர்கள்) கையில் இரண்டு. மூன்றுமே பில்லிங்கோடு இணைந்தவை. பில் போட்டதும் தொகை தானாக மிஷினுக்குப் போய்விடும்.

இப்போது ஒரு வங்கியின் மிஷின். கிரெடிட் கார்டு 1.60%, கம்பெனி கார்டு (நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் கிரெடிட் கார்டு) 2.50%, டெபிட் 0.90%, ஒரு மிஷினுக்கு மாத வாடகை 400 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. புதிதாக வந்திருக்கும் பேமென்ட் கம்பெனி ஆள் "எல்லா கிரெடிட் கார்டுக்கும் 1.75%, வாடகையே கிடையாது" என்கிறார். எங்கள் கிரெடிட் கார்டு வசூல் மாதம் சுமார் 5 லட்சம், அதில் ஒரு லட்சம் கம்பெனி கார்டு. டெபிட் கொஞ்சம்தான். மீதி எல்லாம் யுபிஐ.

இது லாபமா? பழைய மிஷினிலேயே புதுக் கம்பெனியை ஏற்றிக்கொள்ள முடியுமா? இரவு வியாபாரம் கெடாமல் எப்படி மாற்றுவது? மாற்றிய பிறகு பழைய பில்லுக்கு ரீஃபண்ட் கேட்டால் என்ன செய்வது?

---

பற்று_வரவு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதை மிஷின் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இப்போது நீங்கள் கட்டுவது: 4 லட்சத்துக்கு 1.60% என்றால் 6,400. ஒரு லட்சத்துக்கு 2.50% என்றால் 2,500. மொத்தம் 8,900. புது ஆள் சொல்லும் கணக்கில் 5 லட்சத்துக்கு 1.75%, அதாவது 8,750. வித்தியாசம் 150 ரூபாய். அவ்வளவுதான்! உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது வாடகை: 3 மிஷினுக்கு 1,200, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 216, ஆக 1,416. எனவே நீங்கள் பேரம் பேச வேண்டியது சதவீதத்தில் அல்ல, வாடகையில். முதலில் பழைய வங்கியிடமே "வாடகையை எடுங்கள், இல்லையென்றால் மாறுகிறேன்" என்று மெயில் போடுங்கள்.

ஜிஎஸ்டியில் பலர் கவனிக்காத இரண்டு விஷயம். ஒன்று, 5% வரி போடும் ரெஸ்டாரன்டுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. கார்டு கட்டணத்தின் மேல் வரும் 18% முழுக்க உங்கள் செலவு. இரண்டு, ஒரே பரிவர்த்தனை 2,000 ரூபாய் வரை இருந்தால் அந்தக் கார்டு கட்டணத்துக்கு ஜிஎஸ்டியே இல்லை. இந்த விலக்கு வங்கிக்கு மட்டுமா, பேமென்ட் அக்ரிகேட்டருக்கும் (வங்கி அல்லாமல், நடுவில் நின்று கடைகளுக்குப் பணம் வாங்கித் தரும் கம்பெனி) உண்டா என்று நெடுநாள் இழுபறி இருந்தது. 2024 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ரிசர்வ் வங்கி முறைப்படுத்தும் அக்ரிகேட்டருக்கும் உண்டு என்று தெளிவுபடுத்தியது. வாடகைக்கு இந்த விலக்கு பொருந்தாது.

எண்ணில் பார்த்தால் புரியும். 1.75% கட்டணத்தில் 1,800 ரூபாய் பில்லுக்கு 31.50 போகும், வரி இல்லை. 3,600 ரூபாய் பில்லுக்கு 63 ரூபாயும் வரி 11.34-ம் சேர்த்து 74.34 போகும், அதாவது உங்களுக்கு அது 2.06 சதவீதம். கட்டண ஸ்டேட்மென்டில் 2,000 வரையிலான பரிவர்த்தனைகளிலும் ஜிஎஸ்டி பிடித்திருக்கிறார்களா என்று ஒரு மாதத்துக்காவது வரிவரியாகப் பாருங்கள். அதற்காகப் பெரிய பில்லை இரண்டாக உடைத்து ஒரே கார்டில் இரண்டு முறை தேய்க்காதீர்கள். அது கார்டு நெட்வொர்க் விதிக்கு எதிரானது, மோசடிக் கண்காணிப்பில் மாட்டும்.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: "எல்லா கிரெடிட் கார்டு" என்பதில் கம்பெனி கார்டும் பிரீமியம் கார்டும் அடங்குமா? வெளிநாட்டுக் கார்டுக்கும் அமெக்ஸுக்கும் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு) தனிக் கட்டணம் இருக்கும், எவ்வளவு? யுபிஐ வழியாக ரூபே கிரெடிட் கார்டில் கட்டினால் எவ்வளவு? (யுபிஐ என்றாலே இலவசம் என்று நினைக்க வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் ரூபே டெபிட்டுக்கும்தான் 2020 ஜனவரி 1 முதல் கட்டணம் இல்லை.) மற்ற டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பே 0.90%; ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருப்பவருக்கு 0.40%. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை, பேசுகிறவர் பேச்சுதான்.

"வாடகை இல்லை" என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒன்று இருக்கும்: ஒவ்வொரு மிஷினிலும் மாதம் இத்தனை ரூபாய் ஓட வேண்டும், இல்லையென்றால் வாடகை உண்டு. மூன்றையும் கூட்டிப் பார்ப்பார்களா, தனித்தனியாகவா? கேப்டன் மிஷின் ஒன்று வார நாட்களில் சும்மா கிடந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போதைய கம்பெனி மூலமாகக் கடன் வாங்கி, தினசரி வசூலில் பிடித்துக்கொண்டிருந்தால் அதை முடித்து நிலுவையின்மைக் கடிதம் வாங்காமல் நகராதீர்கள்.

---

டெர்மினல்_கை:

பழைய மிஷினில் புதுக் கம்பெனியை ஏற்ற முடியாது. பார்க்க அதே மாடலாக இருக்கலாம். ஆனால் பின் நம்பரை மறையாக்கும் சாவிகள் அந்தந்த வங்கியுடையவை, மிஷினுக்குள்ளேயே பூட்டப்பட்டவை. பிரித்தால் அவை அழிந்து மிஷின் செத்துவிடும். பெரும்பாலும் மிஷினும் உங்களுடையதல்ல, திருப்பித் தர வேண்டியது.

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் மிஷின் கம்பெனி அல்ல, உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனி. அவர்களிடம் மூன்று கேள்வி. இந்தக் கம்பெனியோடு இணைப்பு உங்களிடம் தயாராக இருக்கிறதா, நாங்கள் ஓட்டும் வெர்ஷனில் வேலை செய்யுமா? கார்டு மட்டுமா, மிஷின் திரையில் வரும் யுபிஐ கியூஆரும் சேர்த்தா? ஒரே கிளையில் இரண்டு கம்பெனி மிஷின் ஒரே நேரத்தில் இணைந்திருக்க முடியுமா? மூன்றாவதற்கு "முடியாது" என்றால் ஒவ்வொன்றாக மாற்றும் வழி அடைபட்டது, மூன்றையும் ஒரே மதியத்தில் மாற்ற வேண்டும். "இணைப்பு உண்டு" என்று மிஷின் விற்பவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் வேறு வெர்ஷனைப் பற்றி.

ஆவணம்: ஜிஎஸ்டி சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், பான், ரத்து செய்த காசோலை, கடை முகப்புப் படம். இவற்றில் பெயர் ஒரே மாதிரி இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். உரிமத்தில் "ஹோட்டல்" என்றும் வங்கிக் கணக்கில் "ஃபுட்ஸ்" என்றும் இருப்பது வழக்கமான சிக்கல். தொழில் வகை எண் 5812, அதாவது உட்கார்ந்து சாப்பிடும் உணவகம், என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள்.

ஒப்புதல் வந்ததும் 15 இலக்க வணிகர் எண் ஒன்றும், மிஷினுக்கு ஒன்றாக 8 இலக்க டெர்மினல் எண் மூன்றும் வரும். இணைப்புக்கு இவை போதாது. கடை எண், ரகசியச் சாவி, மிஷின் சீரியல் எண் எல்லாம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த சீரியல் எண், எந்த டெர்மினல் எண், பில்லிங்கில் எந்த லாகின். மிஷின் முதுகிலும் "கல்லா", "மாடி 1", "மாடி 2" என்று ஸ்டிக்கர். இதை விட்டால் மாடியில் போட்ட பில் கீழே கல்லா மிஷினில் போய் ஒலிக்கும். கீழே நிற்பவர் 840 ரூபாய் பில்லுக்கு மாடிக்காரரின் 2,310-ஐத் தட்டிவிட்டுப் போவார்.

பிறகு சோதனை, கடை திறக்கும் முன். 10 ரூபாய் பில்லாகப் போட்டு, ஒவ்வொரு மிஷினிலும்:

சிப் செருகி பின் போட்டு ஒன்று. தட்டி ஒன்று (5,000 ரூபாய் வரை பின் கேட்காமல் போகலாம்). மிஷின் கியூஆரில் ஒன்று. பாதியில் மிஷினில் ரத்து. பில் திரும்பத் திறக்கிறதா? பாதியில் பில்லிங் பக்கம் ரத்து. மிஷின் திரை மறைகிறதா? பைசா உள்ள தொகை ஒன்று, 10.50 போல. பல இணைப்புகளில் தொகை பைசாவில் போகிறது, 1,250 ரூபாய் 125000 என்று. அமைப்பில் தவறு நேர்ந்தால் மிஷினில் 12.50 வந்து நிற்கும். சப்ளையர் அவசரத்தில் அதைக் கவனிக்கமாட்டார்.

கடைசியாக மிக முக்கியமானது: கார்டைச் செருகி, பின் போட்டு, "பிராசஸிங்" ஓடும்போது பில்லிங் கம்ப்யூட்டரின் நெட்டைப் பிடுங்குங்கள். மிஷினில் பணம் ஏறிவிடும், சிலிப்பும் வரும், ஆனால் பில் "பாக்கி" என்றே நிற்கும். மிஷினுக்கும் பில்லிங்குக்கும் நடுவே பதில் தொலைந்துவிட்டது, அவ்வளவுதான். தினசரி நடக்கும் இரட்டைப் பிடித்தம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது: கேஷியர் "போகலைங்க, இன்னொரு தடவை" என்கிறார். உங்கள் சாஃப்ட்வேரில் "நிலை சரிபார்" மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அது எங்கே என்று கேஷியருக்குக் காட்டுங்கள். அதுவும் பதில் தராவிட்டால் மிஷினில் கடைசிப் பரிவர்த்தனையை மறுபடி அச்சடித்துப் பார்த்து, 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணை (அந்தப் பரிவர்த்தனையின் குறிப்பு எண்) பில்லில் எழுதிக் கையால் முடிக்க வேண்டும். இரண்டாவது முறை தேய்ப்பது அதற்குப் பிறகுதான்.

சிலிப்பே வராமல் வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் பிடித்திருந்தால் அது வேறு கதை. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதைத் தர வேண்டியது வங்கி. கல்லாவிலிருந்து காசு எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மாற்றும் நாள்: செவ்வாய் அல்லது புதன், மதியம் மூன்றரையிலிருந்து ஆறுக்குள். மாத முதல் வாரம், வெள்ளி, முகூர்த்த நாள் வேண்டாம். அன்று காலையே மிஷின் கம்பெனி ஆளும் பில்லிங் கம்பெனி ஆளும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டியே இரவு எட்டாகிவிடும்.

---

கோவை_கல்லா:

மிக்க நன்றி. இரண்டு விஷயம் கேட்க விட்டுப்போச்சு. மேசைகளில் பழைய கம்பெனியின் கியூஆர் ஸ்டாண்டு 18 இருக்கிறது, கல்லாவில் சவுண்டு பாக்ஸ் ஒன்று. இதை என்ன செய்வது? அப்புறம் டிப்ஸை மிஷினிலேயே கூட்டிப் போடச் சொல்லும் கஸ்டமர்கள் உண்டு.

---

மாடி_மேனேஜர்:

கியூஆர் ஸ்டாண்டைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மிஷின் மாறினாலும் ஸ்டிக்கர் மாறாது. பணம் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கும். பழைய கணக்கை மூடிய பின் யாராவது ஸ்கேன் செய்தால் "பெறுநர் இல்லை" என்று வரும், நடு சாப்பாட்டு நேரத்தில் தகராறு. மாற்றும் மதியமே 18-ஐயும் எண்ணி எடுங்கள். பார்சல் கவுன்டர், சுவர், மெனு அட்டையின் பின்பக்கம், டெலிவரி பையன் மொபைலில் இருக்கும் படம், இவையும் உண்டு. என் கருத்து: மேசை ஸ்டாண்டே வேண்டாம். மிஷின் திரையில் வரும் கியூஆர் பில் தொகையோடு வரும், பில் தானாக முடியும். நிலையான கியூஆரில் கஸ்டமர் தானே தொகை அடிப்பார், யார் எந்த பில்லுக்குக் கட்டினார் என்று நீங்கள் தேட வேண்டும். கல்லாவில் அவசரத்துக்கு ஒன்று போதும்.

டிப்ஸ்: பின் போட்ட பிறகு தொகையைக் கூட்ட முடியாது, அதற்கு முன்பே சேர்க்க வேண்டும். அந்த வசதியை டெர்மினல் எண் வாரியாக இயக்கித் தரச் சொல்ல வேண்டும். ஆனால் இணைந்த மிஷினில் டிப்ஸ் சேர்த்தால் பில் 1,460, வந்தது 1,560 என்று பொருந்தாமல் சில சாஃப்ட்வேர் பில்லை மூடாது. இதையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள். மூடவில்லை என்றால் அந்த வசதியை அணைத்துவிட்டு, டிப்ஸைக் காசாகவோ தனி யுபிஐயாகவோ வாங்கச் சொல்லுங்கள். மிஷின் வழியாக வரும் டிப்ஸுக்கும் உங்கள் பாக்கெட்டிலிருந்து கட்டணம் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சில்லறை விஷயங்கள். காகித ரோல் 57 மி.மீ. அகலம்தான், ஆனால் பருமன் மாடலுக்கு மாடல் மாறும்; பழைய ரோல் புது மிஷின் மூடிக்குள் அடங்குகிறதா பாருங்கள், 20 ரோல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மாடியில் சிம் சிக்னல் எந்த மூலையில் சாகிறது என்று ஒவ்வொரு மேசை அருகிலும் நின்று பார்த்துவிடுங்கள். வைஃபையில் போடுவதென்றால் கஸ்டமருக்குக் கொடுக்கும் வைஃபையில் போடாதீர்கள். மொபைல் எண் கேட்டு ஒரு பக்கம் திறக்குமே, அதை மிஷினால் தாண்ட முடியாது. ரத்து, ரீஃபண்ட் இரண்டுக்கும் உள்ள பாஸ்வேர்டு கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாருக்கும் தெரிந்த எண்ணாக இருக்கும். முதல் நாளே மாற்றுங்கள், கேப்டன்களுக்குத் தராதீர்கள்.

டெர்மினல்_கை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பழைய மிஷின் ஒன்றை இரண்டு வாரம் கல்லா டிராயரில் சார்ஜோடு வைத்திருங்கள், இணைப்பு இல்லாமல் தனியாக ஓடும்படி. சனி இரவு புது இணைப்பு படுத்தால் தொகையைக் கையால் அடித்து ஓட்டலாம். அதில் ஓடியதைப் பில்லிங்கில் "கார்டு" என்று போடாமல் "கார்டு பழையது" என்று தனி வகையாகப் போடுங்கள்.

---

பற்று_வரவு:

அந்தத் தனி வகை ரொம்ப முக்கியம், கணக்குப் பக்கமும் அதே காரணம். மாறும் வாரத்தில் வங்கிக் கணக்கில் இரண்டு இடத்திலிருந்து பணம் விழும். இப்போதைய வங்கி முழுத் தொகையைப் போட்டுவிட்டுக் கட்டணத்தை மாதக் கடைசியில் எடுக்கலாம். புதியவர் தினமும் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் போடலாம். முதல் வழியில் 50,000 அப்படியே வரும், இரண்டாவதில் 49,125 வரும், வரி வேறு கழியும். இது தெரியாமல் விற்பனையோடு பொருத்தினால் தினமும் குறைவது போலத் தெரியும், கேஷியர் மீது சந்தேகம் வரும்.

அடுத்தது நாள் முடிப்பு. மிஷின் அன்றைய கணக்கை எத்தனை மணிக்கு மூடுகிறது என்று கேளுங்கள். இரவு 11-க்கு மூடினால் 11.20 பில் மறுநாள் வரவில் சேரும், உங்கள் பில்லிங்கிலோ அது இன்றைய விற்பனை. நேரத்தை மாற்றித் தருவார்கள், கேட்டால்தான்.

ரீஃபண்ட் கேள்விக்கு: பழைய மிஷினில் ஓடியதைப் புது மிஷினில் திருப்ப முடியாது, அந்த ஆர்ஆர்என் புதியவரிடம் இல்லை. பழைய வங்கி வழியாகத்தான் போக வேண்டும். அன்றே, நாள் மூடும் முன் என்றால் ரத்து. பிறகு என்றால் ரீஃபண்ட். கார்டில் வாங்கியதைக் காசாகத் திருப்பித் தரும் பழக்கம் வேண்டாம். கஸ்டமர் காசையும் வாங்கிக்கொண்டு கார்டு வங்கியில் "எனக்குத் தெரியாத பிடித்தம்" என்று புகாரும் கொடுக்க முடியும், உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது.

அப்படிப்பட்ட புகார்கள் விசா, மாஸ்டர்கார்டில் பெரும்பாலும் 120 நாள் வரை வரலாம். அதனால் பழைய டெர்மினல் எண்களை ஒரு மாதம் கழித்து மூடினாலும், அது பணம் போட்ட வங்கிக் கணக்கையும், பழைய சிலிப்புகளையும், அவர்களுடைய போர்டல் லாகினையும் குறைந்தது நான்கு மாதம் வைத்திருங்கள். லாகின் போய்விட்டால் ஆதாரம் எடுக்க வழியில்லை. மூடுவதற்கு முன் எல்லா ஸ்டேட்மென்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். சிலிப்பின் அச்சு சில மாதத்தில் மங்கிவிடும், பெரிய தொகைகளைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

மூடும் கடிதத்தில் மூன்று டெர்மினல் எண், மூன்று சீரியல் எண், வாடகை எந்தத் தேதியோடு நிற்கிறது, மூன்றும். மிஷினைக் கூரியர் பையனிடம் கொடுக்கும்போது சார்ஜரோடு சீரியல் எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருப்பிக் கொடுத்த மிஷினுக்கு ஆறு மாதம் வாடகை ஓடுவது இந்த ஒரு கையெழுத்து இல்லாததால்தான். சிம்முக்குத் தனிக் கட்டணம் பிடித்துக்கொண்டிருந்தார்களா என்றும் பாருங்கள்.

ஸ்விக்கி, சொமேட்டோ பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது அவர்கள் வழியில் வரும்.

---

கோவை_கல்லா:

வங்கிக்கு மெயில் போட்டேன். வாடகையை 150 ஆக்குகிறார்கள், கம்பெனி கார்டு 2.50% அப்படியேதான். புதியவர் கம்பெனி கார்டுக்கும் 1.75% என்று எழுத்தில் கொடுத்துவிட்டார், வெளிநாட்டுக் கார்டு மட்டும் 3%. வாடகை நிபந்தனை மூன்று மிஷினையும் கூட்டித்தான். பில்லிங்காரர்கள் இணைப்பு உண்டு, ஆனால் ஒரு கிளைக்கு ஒரு கம்பெனிதான் என்கிறார்கள்.

---

டெர்மினல்_கை:

அப்படியென்றால் வங்கிக்கு 8,900-ம் வாடகை வரியோடு 531-ம் சேர்த்து 9,431, புதியவருக்கு 8,750. மாதம் 681 ரூபாய் வித்தியாசம். அதற்காக மட்டும் மாறுவதென்றால் நான் மாறமாட்டேன். இதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்: சனி இரவு 8 மணிக்கு மிஷின் செத்தால் மாற்று மிஷின் எத்தனை மணி நேரத்தில் வரும், கோவையிலேயே அவர்களுக்கு ஆள் இருக்கிறாரா, சென்னையிலிருந்து கூரியரா? உதிரி மிஷின் ஒன்று, உங்கள் வணிகர் எண்ணிலேயே ஏற்றி, இலவசமாகக் கடையில் வைப்பார்களா? உதிரிக்கு "ஆமாம்" என்று எழுத்தில் வந்தால் மாறலாம். ஒரு கிளைக்கு ஒரு கம்பெனி என்பதால் மூன்றையும் ஒரே மதியத்தில்தான் மாற்ற வேண்டும். மிஷின்களை முந்தைய நாளே வாங்கி முழு சார்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய மூன்றிலும் அன்றைய கணக்கை மூடி அறிக்கை அச்சடித்த பிறகு பில்லிங்கில் இணைப்பை மாற்றச் சொல்லுங்கள்.